ஒரே பியரில் சில பாட்டில் வெடித்தது, சிலதில் கேஸே இல்லை: எங்கே தவறியது?

கேள்வி இதுதான். கனடாவில் வசிக்கும் ஒருவர் வீட்டில் 20 லிட்டர் பேல் ஏல் வகை பியர் போட்டிருக்கிறார். தொடக்க ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.050. ஆறாம் நாள் ஏர்லாக்கில் (வாளி மூடியில் வாயு வெளியேற வைக்கும் நீரடைப்பானில்) குமிழி நின்றது, ஏழாம் நாள் பாட்டிலில் அடைத்துவிட்டார். கடையில் வாங்கிய பியரின் 341 மில்லி பழுப்பு பாட்டில்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டு, பியரை நிரப்பி, இரண்டு கைப்பிடி உள்ள கருவியால் மூடி அழுத்தியிருக்கிறார். பத்து நாளில் அலமாரிக்குள் மூன்று பாட்டில்கள் வெடித்தன. வேறு சிலவற்றைத் திறந்தால் கேஸ் போன சோடா மாதிரி இருக்கிறது. அடுத்த ஈட்டை (அடுத்த தடவை போடும் பியரை) எப்படிச் சரியாக அடைப்பது என்று கேட்கிறார்.

அடுத்த ஈட்டைப் பற்றிப் பேசுமுன், அலமாரியில் மிச்சம் இருக்கும் பாட்டில்களைக் கவனியுங்கள். அவை இன்னும் ஆபத்தானவை. கண்ணாடி வெடித்தால் துண்டுகள் அறை முழுக்கப் பறக்கும், கண்ணும் கழுத்தும் கிழியும். பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அலமாரிக் கதவைத் திறக்காதீர்கள். கனமான போர்வையைப் பாட்டில்கள் மேல் போர்த்தி, குலுக்காமல் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்தால் வாயு பியருக்குள் கரையும், அழுத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு, தடித்த துண்டால் பாட்டிலைச் சுற்றிப் பிடித்து, மூடியின் ஓரத்தை மெல்ல நெம்பி வாயுவை வெளியேற்றுங்கள். குளிர்காலம்தானே என்று வெளியே பனியில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். பியர் சுழியத்துக்குச் சில டிகிரி கீழே உறையும். உறைந்தால் விரியும், அதனாலேயே பாட்டில் உடையும்.

இனி காரணம். ஒரே ஈட்டில் சிலது வெடித்து, சிலதில் கேஸ் இல்லாமல் போனதால் ஈஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஈஸ்ட் செத்திருந்தால் எல்லாமே சப்பென்று இருந்திருக்கும். இங்கே மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நொதித்தல் முடியாமல் அடைத்தது ஒன்று, சீனியைக் கரண்டியால் அளந்தது இரண்டு, அந்தப் பாட்டிலில் அந்த மூடியைப் போட்டது மூன்று.

பாட்டிலுக்குள் நடப்பது இரண்டாவது நொதித்தல். மிதந்துகொண்டிருக்கும் கொஞ்ச ஈஸ்ட், நாம் போடும் கொஞ்ச சீனியைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். மூடி இறுக்கமாக இருப்பதால் வாயு வெளியே போக வழியில்லாமல் பியரில் கரைகிறது. கள்ளை இறுக மூடி வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். வித்தியாசம் ஒன்றுதான்: பியரில் அந்த வாயுவின் அளவை கிராம் கணக்கில் நாமே முடிவு செய்யலாம். ஆனால் அந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டும் என்றால், நாம் போடும் சீனியைத் தவிர ஈஸ்ட் தின்ன வேறு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

ஏர்லாக் குமிழியை வைத்து இதைச் சொல்ல முடியாது. வாளி மூடியில் சின்னக் கசிவு இருந்தால் நொதித்தல் நடக்கும்போதே குமிழி நின்றுவிடும். முடிந்த பிறகும், அறை சூடானால் கரைந்திருந்த வாயு வெளியேறி குமிழி வரும். நம்ப வேண்டியது ஒப்படர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை மட்டும். 1.050-இல் தொடங்கிய பேல் ஏல், வழக்கமான ஏல் ஈஸ்ட்டில் 1.010-க்கும் 1.013-க்கும் இடையில் வந்து நிற்கும். இந்த எண்ணை எட்டிவிட்டது என்பது மட்டும் போதாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். அளக்கும் மாதிரியை ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்குங்கள். ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் அது மிதந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். அளந்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். வெண்ணெய் வாசம் வந்தால் இன்னும் இரண்டு நாள் 20, 21 டிகிரியில் விட்டால் ஈஸ்ட்டே அதை உறிஞ்சிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த பிறகு அது காட்டும் எண் நேரடியாகச் செல்லாது, திருத்தக் கணக்கு போட்டாக வேண்டும்.

இதில் ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், ஒப்படர்த்தியில் ஒரே ஒரு புள்ளி, அதாவது 0.001, பாட்டிலுக்குள் இறங்கினால் சுமார் அரை வால்யூம் வாயு உண்டாகும். ஒரு லிட்டர் பியரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அதை ஒரு வால்யூம் என்பார்கள். பேல் ஏலுக்கு மொத்தமே 2.4 வால்யூம் போதும். 1.015-இல் அடைத்த பியர் பாட்டிலில் 1.011-க்கு இறங்கினால், சீனி போடாமலேயே இரண்டு வால்யூம் கூடிவிடும். ஏழாம் நாள் அளக்காமல் அடைத்ததில் இந்த ஆபத்துதான் இருந்தது.

ட்ரை ஹாப் போட்டிருந்தால், அதாவது வாசத்துக்காக ஹாப்ஸ் பூவைக் கொதிக்க வைக்காமல் நேரே பியரில் சேர்த்திருந்தால், இன்னும் பொறுமை வேண்டும். ஹாப்ஸில் இயற்கையாகவே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை அவை தின்னக்கூடிய சர்க்கரையாக உடைத்துத் தரும். நின்றுபோன ஒப்படர்த்தி மறுபடி இறங்க ஆரம்பிக்கும். பிரவுன், மோரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நடுவில் மறந்துபோய், ஹாப்ஸை அள்ளிக் கொட்டும் ஐபிஏ வகை பியர்களின் காலத்தில் மறுபடி பெரிய பிரச்சினையாக வந்திருக்கிறது. ஆகவே இரண்டு அளவுகளையும் ஹாப்ஸ் போட்ட பிறகே எடுங்கள். சேசான் என்ற பெல்ஜிய வகை பியருக்கான ஈஸ்ட்கள் சிலவும் இப்படித்தான். டெக்ஸ்ட்ரினைத் தாங்களே உடைத்து வாரக்கணக்கில் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். அவை 1.004-க்கும் கீழே போவது சாதாரணம்.

இப்போது சீனி. பியரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டுதான் கணக்கு. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பியரில் சுமார் 0.86 வால்யூம் இருக்கும், 15 டிகிரியில் 1.0, 4 டிகிரியில் 1.5. இங்கே எடுக்க வேண்டியது நொதித்தல் முடிந்த பிறகு பியர் எட்டிய அதிகபட்ச வெப்பநிலை. அடைக்கும் நாளின் வெப்பநிலையை எடுத்தால் தவறாகும். 20 டிகிரியில் நொதித்துவிட்டு, தெளிவதற்காக இரண்டு நாள் 2 டிகிரியில் வைத்தவர்கள், சீனியின் அளவைச் சொல்லும் இணையக் கணிப்பானில் 2 என்று போட்டுவிடுவார்கள். வெளியேறிவிட்ட வாயு குளிர வைத்ததால் திரும்பி வராது. அப்படிப் போட்டால் சீனி குறைந்து பியர் சப்பென்று ஆகும்.

ஒரு வால்யூம் என்பது லிட்டருக்கு 1.96 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிராம் வெள்ளைச் சீனி சுமார் 0.51 கிராம் வாயு தரும். அதாவது லிட்டருக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சீனி போட்டால் ஒரு வால்யூம் ஏறும். உங்கள் பியருக்கு 2.4 வேண்டும், 0.86 இருக்கிறது, தேவை 1.54. லிட்டருக்கு 5.9 கிராம் வருகிறது. 20 லிட்டரில் அடி மண்டியோடு ஒரு லிட்டர் கழிந்து 19 லிட்டர் கிடைத்தால், 112 கிராம். சீனிக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் தூள்) என்றால் 129 கிராம், முக்கியக் காரணம் கடையில் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோஸ் எடையில் பதினொன்றில் ஒரு பங்கு தண்ணீர். சுவையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இவ்வளவு சின்ன அளவில் வெள்ளைச் சீனி பியரைப் புளிக்க வைக்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சமையலறைச் சீனியே போதும்.

ஒரு தேக்கரண்டி என்ன செய்திருக்கும் என்று இப்போது பாருங்கள். ஒரு 341 மில்லி பாட்டிலுக்குத் தேவை 2 கிராம். தலை தட்டிய தேக்கரண்டியில் 4 கிராம் சீனி இருக்கும், குவித்து எடுத்தால் 6. தலை தட்டி எடுத்தாலே 3.9 வால்யூம் வந்துவிடும், குவித்தால் ஐந்தைத் தாண்டும். அழுத்தக் கணக்கில் சொன்னால், 2.4 வால்யூம் பியர் 20 டிகிரியில் 26 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அளவுக்கு அழுத்தும். காரின் டயரில் அடிக்கும் காற்றைவிடச் சற்றுக் குறைவு. 3.9-இல் அது 50 பிஎஸ்ஐ. அதன்மேல், நொதித்தல் முடியாமல் மூன்று புள்ளிகள் மிஞ்சியிருந்து அதுவும் சேர்ந்தால் 70-ஐத் தாண்டும். சாதாரண பியர் பாட்டிலை 3 வால்யூமுக்கு மேல் நம்பக் கூடாது. பலமுறை சுற்றுக்குப் போய்வந்து, உடம்பெல்லாம் உரசல் விழுந்த பாட்டில் என்றால் இன்னும் பலவீனம். அந்த மூன்று பாட்டில்கள் வெடித்ததில் வியப்பில்லை.

ஆகவே 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு கட்டாயம். அதோடு கணிப்பானில் காலன் கணக்கையும் கவனியுங்கள். இணையத்தில் உள்ள பெரும்பாலான செய்முறைகள் அமெரிக்க காலனில் இருக்கும், அது 3.785 லிட்டர். பிரிட்டனிலும் கனடாவின் பழைய புத்தகங்களிலும் வரும் காலன் 4.546 லிட்டர். ஐந்து காலன் என்பது ஒன்றில் 19 லிட்டர், மற்றதில் 23. ஐந்தில் ஒரு பங்கு சீனி கூடவோ குறையவோ இது ஒன்றே போதும். லிட்டரிலேயே கணக்குப் போடுங்கள்.

எத்தனை வால்யூம் என்பது பியரின் வகையைப் பொறுத்தது. ஆங்கிலேய பிட்டர், மைல்டு போன்றவற்றுக்கு 1.5 முதல் 2.0 போதும், அதற்கு மேல் ஏற்றினால் மால்ட்டின் சுவை அடிபடும். அமெரிக்க பேல் ஏலுக்கும் லாகருக்கும் 2.4 முதல் 2.6. பவேரியக் கோதுமை பியர் 3.3-க்கு மேல் போகும், பெல்ஜிய வகைகளும் கிட்டத்தட்ட அங்கே போகும். அவற்றை ஷாம்பெயின் பாட்டில் போன்ற கனமான கண்ணாடியில்தான் அடைக்க வேண்டும். ஷாம்பெயின் பாட்டில்கள் பலவற்றின் வாய் 29 மில்லிமீட்டர் மூடிக்கானது, வழக்கமான 26 மில்லிமீட்டர் மூடி அதில் உட்காராது. வாங்குமுன் அளந்து பாருங்கள்.

மூன்றாவது தவறு பாட்டிலில். கனடாவில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பொதுவான 341 மில்லி பழுப்பு பாட்டிலின் கழுத்தில் மெல்லிய திருகு வரி இருக்கும். கையால் திருகித் திறக்கும் மூடிக்காக அமைந்தது அது. நாம் அழுத்திப் போடுவது வழவழப்பான விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மூடி. திருகு வரியில் சிலது பிடிக்கும், சிலது மயிரிழை கசியும். கசிந்த பாட்டிலில் வாயு உண்டாகும் வேகத்திலேயே வெளியேறிவிடும். உங்களிடம் கேஸ் இல்லாமல் போனவை இவையாகத்தான் இருக்கும். இன்னும் சொல்லப்போனால், இரண்டு மடங்கு சீனி போட்டிருந்தும் வெடிக்காமல் அவற்றைக் காப்பாற்றியது அந்தக் கசிவுதான்.

விரலால் பாட்டில் வாயைத் தடவிப் பார்த்து, வரி இல்லாததை மட்டும் சேருங்கள். ஓப்பனரால் நெம்பித் திறக்கும் சிறு நிறுவனங்களின் பாட்டில்களும் ஐரோப்பிய இறக்குமதி பாட்டில்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும். நிறம் பழுப்பாக இருக்கட்டும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது நீல ஒளியும் புற ஊதா ஒளியும் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகும். அதன் நாற்றம் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைப் போன்றது, மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் ஏறும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி இதைத் தடுக்காது. கம்பி வளையம் போட்ட பீங்கான் மூடிப் பாட்டில்கள் நல்லவை, ஆனால் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். வாயில் சில்லு பெயர்ந்த பாட்டிலைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. பழைய பாட்டில்களை வாசனையில்லாத சோடியம் பெர்கார்பனேட் தூளைக் கரைத்த சுடுநீரில் இரவு முழுக்க ஊறப் போட்டால் லேபிளும் உள்ளே காய்ந்த மண்டியும் தானே கழன்றுவிடும். பிறகு நன்றாக அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடியைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், அதன் படலம் பியரின் நுரையைக் கொன்றுவிடும். கிருமி நீக்க ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசல் சுலபமானது. 5 லிட்டர் தண்ணீருக்கு 8 மில்லி, உட்புறம் முழுக்க நனைந்து ஒன்றிரண்டு நிமிடம் இருந்தால் போதும். கவிழ்த்து வடித்துவிட்டு அப்படியே நிரப்பலாம், அலசத் தேவையில்லை. மிஞ்சும் நுரை பியருக்குக் கேடு செய்யாது. குளோரின் ப்ளீச் வேண்டாம் என்பேன். கொஞ்சம் மிஞ்சினாலும் பியரில் பிளாஸ்டர் மருந்து வாசம் ஏறும், அதோடு அமிலக் கரைசலோடு கலந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும்.

பலரும் கோட்டைவிடும் இடம் வாளியின் அடியில் இருக்கும் குழாய். அதைக் கழற்றி, உள் உருளையையும் வெளியே இழுத்துப் பிரித்துக் கழுவ வேண்டும். போன ஈட்டின் பியர் அந்த இடுக்கில் காய்ந்து கிடக்கும், காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடியிருக்கும் இடம் அதுதான். பாட்டிலுக்குள் விட்டு நிரப்பும் நிரப்புக் குழலின் நுனியில் உள்ள ஸ்பிரிங் அடைப்பானையும் அப்படியே. ரப்பர் குழாயின் உள்ளே பழுப்பு ஏறியிருந்தால் தேய்க்காமல் புதிதாக வாங்குங்கள். மலிவான பொருள்தான்.

அடைக்கும் நாளில் நொதித்த வாளியைச் சில மணி நேரம் முன்பே மேசை மேல் ஏற்றி வையுங்கள், கலங்கிய மண்டி அடங்கட்டும். 112 கிராம் சீனியை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆற விடுங்கள். கிருமி நீக்கிய இன்னொரு வாளியில், அதாவது நிரப்பு வாளியில், முதலில் சீனிப் பாகை ஊற்றி, அதன்மேல் பியரை சைஃபனில் (மேலிருந்து கீழே தானே இறங்கும் குழாயில்) இறக்குங்கள். குழாயின் நுனி வாளியின் அடியில் வளைந்து படுத்திருந்தால் பியர் சுழன்றுகொண்டே நிரம்பும், பாகும் கலக்கும். அதை மட்டும் நம்பாமல், கிருமி நீக்கிய நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மெதுவாக ஏழெட்டு முறை கிளறுங்கள். பாகு பியரைவிடக் கனமானது, கிளறாவிட்டால் அடியில் தங்கும். அப்போது குழாயில் முதலில் வரும் பாட்டில்களுக்குச் சீனி அதிகமாகவும் கடைசிப் பாட்டில்களுக்குக் குறைவாகவும் போகும். வெடிப்பதும் சப்பென்று போவதும் ஒரே ஈட்டில் நடக்க இது இன்னொரு வழி.

சலசலவென்று ஊற்றக் கூடாது. நொதித்து முடிந்த பியருக்கு ஆக்சிஜன் பகை. ஹாப்ஸ் வாசம் சில வாரங்களில் மங்கி, நனைந்த அட்டைப் பெட்டிச் சுவை வரும். மங்கலான ஐபிஏ வகைகள் நிறமே மாறிக் கறுக்கும். பாட்டிலில் ஈஸ்ட் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சும், ஆனால் முழுவதையும் அல்ல.

ஹாப்ஸ் அதிகமுள்ள பியர் என்றால் நிரப்பு வாளியையே தவிர்க்கலாம், எனக்குச் சரியென்று படும் வழியும் அதுவே. 112 கிராம் சீனியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறிய பின் கொதித்து ஆறிய நீர் சேர்த்து மொத்தம் 280 மில்லி ஆக்குங்கள். இதில் 5 மில்லியில் சரியாக 2 கிராம் சீனி இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும், குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு 341 மில்லி பாட்டிலிலும் 5 மில்லி விட்டு, நொதித்த வாளியின் குழாயிலிருந்து நேரே நிரப்பலாம். ஒரு முறை மாற்றி ஊற்றுவது மிச்சம், கலக்காமல் போகும் பயமும் இல்லை. வேறு அளவுப் பாட்டில்கள் கலந்திருந்தால் அதற்கேற்ப: 500 மில்லி பாட்டிலுக்கு 7.5 மில்லி. ஐம்பத்தைந்து பாட்டிலுக்கு இது ஆகும் நேரம் அதிகம் என்று நினைக்கத் தோன்றும், நடைமுறையில் கால் மணி நேரம்தான் கூடும்.

நிரப்புக் குழலைப் பாட்டிலின் அடிவரை விட்டு அழுத்துங்கள். பியர் கீழிருந்து மேலே ஏறி வாய் விளிம்பைத் தொட்டதும் குழலை எடுத்தால், குழல் அடைத்திருந்த இடம் காலியாகி சுமார் 3 சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும். அதுவே சரியான அளவு. இன்னும் அதிகம் விட்டால் காற்று அதிகம், ஆக்சிஜன் அதிகம். நுரை சற்று எழும்பி வாய்வரை வந்த கணத்தில் மூடியை வைத்தால் இடையில் உள்ள காற்றை நுரையே வெளியே தள்ளிவிடும். மூடிகளை அமிலக் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். ஆக்சிஜனை உறிஞ்சும் வகை மூடிகளை முன்கூட்டியே ஊறப் போட்டால் அவை அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும், ஆகவே போடும் நேரத்தில் நனையுங்கள்.

மூடும் கருவியில் இரண்டு கைப்பிடிகளும் ஒரே சீராக முழுக்கக் கீழே இறங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் மூடியின் ஒரு பக்கப் பற்கள் தளர்ந்து நிற்கும். போட்ட பிறகு மூடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகிப் பாருங்கள், சுழலக் கூடாது. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். கழுத்தில் தடித்த வளையம் இல்லாத பாட்டில்களை இந்தக் கைப்பிடிக் கருவி பிடிக்காது, கழுத்தை நொறுக்கும் வாய்ப்பும் உண்டு. மேசையில் நிற்கும் நெம்புகோல் வகைக் கருவி அவற்றுக்குப் பொருந்தும். தொடர்ந்து பியர் போடப் போகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள்.

ஒவ்வொரு ஈட்டிலும் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் அடையுங்கள். சோடா வந்த பாட்டில் போதும், கழுவிக் கிருமி நீக்கி, அதே விகிதத்தில் சீனியும் பியரும் விட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். தினமும் விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கல் மாதிரி ஆகிவிட்டால் கேஸ் ஏறிவிட்டது. மூன்றே நாளில் அப்படி ஆகி, அடி உப்பிப் பாட்டில் நிற்காமல் ஆடினால் ஏதோ மிஞ்சிப் போகிறது. மற்ற பாட்டில்களை உடனே குளிருக்கு மாற்றுங்கள்.

அடைத்த பாட்டில்கள் 20 முதல் 24 டிகிரியில், இருட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு வாரம் நிற்கட்டும். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டின் அடித்தளம் 15 டிகிரிக்குப் போய்விடும், அங்கே வைத்தால் மூன்று நான்கு வாரம் ஆகலாம். மேலே அறைக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், 30 டிகிரியில் அதே 2.4 வால்யூம் 37 பிஎஸ்ஐ வரை அழுத்தும். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டிலை இரண்டு மூன்று நாள் குளிர வைத்துத் திறந்து பாருங்கள். ஒரு மணி நேரம் குளிர்ந்தால் போதாது. மேலே இடைவெளியில் நிற்கும் வாயு பியருக்குள் இறங்க அவகாசம் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நுரை பொங்கிவிட்டு, உள்ளே சப்பென்று இருக்கும்.

தெளிவாகத் தெரியும் பியரில்கூட லிட்டருக்குக் கோடிக்கணக்கில் ஈஸ்ட் மிதக்கும், ஆகவே சில நாள் குளிர வைத்ததால் ஈஸ்ட் போதாமல் போகாது. மாதக்கணக்கில் குளிரில் வைத்து லாகர் செய்ததும், ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதும் வேறு கதை. அவற்றில் ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும். அடைக்கும்போது 20 லிட்டருக்கு 2 கிராம் சிபிசி-1 போன்ற பாட்டிலுக்கான உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துக் கலந்தால் நம்பிக்கையாக ஏறும்.

இரண்டு வாரத்தில் எல்லாப் பாட்டில்களும் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். ஒவ்வொன்றையும் தலைகீழாக ஒருமுறை கவிழ்த்து ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, சூடான அறையில் இன்னொரு வாரம் வையுங்கள். திறந்து சீனி சேர்க்கப் போகாதீர்கள், அது அடுத்த வெடிப்புக்கு வழி. எல்லாமே முதலிலிருந்தே பொங்கி வழிந்து, சுவை சுத்தமாக இருந்தால் சீனி அதிகம் அல்லது நொதித்தல் முடியவில்லை. முதல் மாதம் நன்றாக இருந்து, போகப் போகப் பொங்குவது கூடி, பியர் மெலிந்து புளித்தால் கிருமி புகுந்திருக்கிறது. பாட்டில் கழுத்தில், பியரின் மேல்மட்டத்தில் வெள்ளை வளையம் படிந்திருந்தால் அதை உறுதியாகவே சொல்லலாம். ஓரிரு பாட்டிலில் மட்டும் இருந்தால் அந்தப் பாட்டில்கள் சரியாகக் கழுவப்படவில்லை. எல்லாவற்றிலும் இருந்தால் குழாயும் சைஃபனும் குற்றவாளி. பாட்டிலுக்குள் போன ஹாப்ஸ் துணுக்குகளும் பொங்க வைக்கும், வாயு அவற்றைப் பிடித்துக்கொண்டு குமிழியாகும். சைஃபனின் நுனியில் மெல்லிய வலைப்பை கட்டினால் இது நிற்கும்.

சட்டம் பற்றி ஒரு வரி. கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பியர் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். ஊருக்கு வரும்போது இதைச் சொந்தக்காரர்களுக்குச் செய்து காட்ட நினைக்க வேண்டாம்.

ஊற்றும்போது அடியில் ஒட்டியிருக்கும் மண்டியைக் கலக்காமல், ஒரே சாய்வில் நிறுத்தாமல் ஊற்றி, கடைசி விரல்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மண்டி கெடுதல் இல்லை, ஆனால் ஈஸ்ட் சுவை பியரை மறைக்கும். குடித்த கையோடு பாட்டிலைச் சுடுநீரில் மூன்று முறை குலுக்கி அலசிக் கவிழ்த்து வைத்தால், அடுத்த ஈட்டுக்கு ஊறப் போடவே தேவையிருக்காது.